இருபத்துமூன்றாம் இலக்க எலி

என்னை எலியாகப் பதிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு. நேரம் சரியாகத் தெரியும். படிவத்தில் நேரத்துக்கென்று ஒரு கட்டம் இருந்தது.

இதைப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன். சிரிக்க வேண்டாம் என்று கேட்கமாட்டேன். முதல் இரண்டு கிழமையும் எனக்கே சிரிப்பு வந்தது. பயம் பிறகுதான் வந்தது.

எனக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. குளிசை போட்டால் வராது. நாளைக்கு மூன்று, கிழமைக்கு இருபத்தொன்று. தவறினால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ விழுவேன். வீட்டில் விழுந்தால் அம்மா ஒரு பக்கமாகச் சரித்துப் பிடிப்பாள். வகுப்பில் விழுந்தால் ரீச்சர் பிடிப்பா. ஆனால் உப்புவெளியிலிருந்து பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மூன்று சென்றி, ஆமிக்காரரின் காவல் தடை, இருந்தது. சென்றியில் சைக்கிளை விட்டு இறங்கி, கைகள் தெரியும்படி மெதுவாக நடக்க வேண்டும். திடீரென்று அசையக்கூடாது. தொண்ணூற்றேழில் இரண்டாவது சென்றியில் ஒரு மீன்காரர் இருமல் வந்து குனிந்தார். பிறகு அவர் நிமிரவில்லை. என்னுடைய வலிப்பு இருமலைவிடப் பெரியது.

அடுத்த வருடம் தை மாதம் ஆஸ்பத்திரி மருந்து யன்னலில் குளிசை நின்றது.

"வலிப்புக் குளிசை இனி இஞ்ச வராது அக்கா," என்றார் மருந்து கொடுப்பவர். "பயங்கரவாதியளின்ர கையில போகக்கூடாதெண்டு தடைப் பட்டியலில போட்டாச்சு. மாவட்டத்துக்கு வாறது முழுக்க ஆராய்ச்சி நிலையத்துக்குத்தான்."

"அங்க ஆருக்கு வலிப்பு?"

"எலியளுக்கு."

அம்மா அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தாள். அவர் எங்களுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டுவிட்டார்.

துறைமுக மூளை ஆய்வு நிலையம், முந்தி வெங்காயம் அடுக்கிய ஒரு கிட்டங்கியில் இருந்தது. வெளிநாடொன்று நன்கொடையாக இருபத்துநான்கு வெள்ளை எலிகளை அனுப்பியிருந்தது. எலியின் மூளையில் எந்த இடத்தைத் தொட்டால் வலிப்பு வரும், எந்த இடத்தைத் தொட்டால் நிற்கும், தொட்ட பிறகு எலி எந்தப் பக்கம் நடக்கும் என்று கண்டுபிடிப்பது நிலையத்தின் வேலை. சண்டை நடக்கிற ஊரில் இது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கான படிவம் இன்னும் அச்சடிக்கப்படவில்லை. பட்டினம் முழுக்கக் கரண்ட் போனாலும் எலிகளுக்கு மேலே விசிறி சுற்றியது.

நிர்வாக உத்தியோகத்தர் யோகலிங்கம் எங்களைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.

"குளிசை எலிக்கு மட்டும்," என்றார்.

"என்ர பிள்ளைக்கும் அதே வருத்தம்தானே ஐயா?"

"வருத்தம் ஒண்டு. வகை வேற. எலிக்கு அமைச்சு அனுமதி கிடக்கு. பிள்ளைக்கு என்ன கிடக்கு?"

"பிள்ளைக்கு நான் கிடக்கிறன்," என்றாள் அம்மா.

"நீங்கள் பட்டியலில இல்லை."

அப்போது எலிக்கூடு துடைக்கிற ஜெமீல் காக்கா வாளியோடு வந்தார். கிண்ணியாவிலிருந்து நாள்தோறும் பாதை என்கிற மிதவைப் படகேறி வந்து போகிறவர். என்னை ஒருதரம் பார்த்தார், உத்தியோகத்தரை ஒருதரம் பார்த்தார்.

"சேர், இருபத்துமூண்டாம் கூடு சும்மாதானே கிடக்கு?"

"மெதுவாக் கதையும்!"

விசயம் இதுதான். இருபத்துமூன்றாம் இலக்க எலி விமானத்திலேயே செத்துவிட்டது. ஒரு எலி செத்ததென்று எழுத ஏழு கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்து, அதை உயிரோடு பொறுப்பேற்றேன் என்று எழுதிக் கொடுத்தவருடையது. அவர்தான் யோகலிங்கம். அதனால் எலி சாகவில்லை. நாலு மாதமாக வெறுங்கூட்டைத் துடைத்து, தண்ணீர் வைத்து, கிழமைக்கு இருபத்தொரு குளிசையும் இறக்கி, 'உற்சாகமாக உள்ளது' என்று எழுதி வந்தார்கள்.

"பரிசோதனைக்கு ஆக்கள் வந்து கூட்டைப் பாத்தா என்ன சொல்லுவியள் சேர்?" என்றார் ஜெமீல் காக்கா. "இந்தத் தங்கச்சியைப் பதிஞ்சா இலக்கத்துக்கு ஒரு உசிர் கிடைச்சிரும்."

யோகலிங்கம் எங்களைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

படிவம் எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அது ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்காக அச்சடித்த படிவம். தலைப்பை வெட்டி 'எலி' என்று எழுதியிருந்தார்கள். கிழமைக்கு இருபத்தொரு குளிசை என்ற கணக்கும் அதில் இருந்துதான் வந்தது. கூடுதலாகப் போட்டது ஒரே ஒரு கட்டம்: வால் நீளம்.

"அதை விடுங்கோவன்," என்றாள் அம்மா.

"வெறுங்கட்டம் விட ஏலாது. கொழும்பில திருப்பி அனுப்புவினம்." என்னைச் சுற்றி ஒருதரம் நடந்தார். பிறகு என் பின்னலை அடிமட்டத்தால் அளந்து, நாற்பத்தாறு சென்ரிமீற்றர் என்று எழுதினார். "இனிப் பின்னலை வெட்டக்கூடாது பிள்ளை. அளவு மாறினா விளக்கம் குடுக்கவேணும்."

குளிசையோடு ஒரு அட்டையும் தந்தார்கள். என் படம், அரச முத்திரை, 'ஆய்வு எலி, இல. 23'. எனக்குப் பதினைந்து வயது. பெரியவர்களின் அடையாள அட்டை இன்னும் கிடைக்கவில்லை. சென்றியில் பள்ளிக்கூடக் கடிதத்தைக் காட்டினால் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார்கள். இந்த அட்டையைக் காட்டிய அன்று ஆமிக்காரன் நிமிர்ந்து நின்று வழிவிட்டான். ஈச்சிலம்பற்றிலிருந்து பாஸ் எடுத்து இரண்டு நாளாகக் காத்திருந்த குடும்பமொன்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர்கள் மனிதர்கள். நிற்கத்தான் வேண்டும்.

மாசி மாதம் பிரமுகர்கள் வந்தார்கள். பணிப்பாளர் கலாநிதி சிவகுருநாதன் மூளைப் படமொன்றை மாட்டிவைத்து, கோலால் தட்டித் தட்டிப் பேசினார். அட்டை வைத்திருக்கிற எல்லோரும் சமுகமளிக்க வேண்டும் என்று என்னையும் கூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

"பெருமதிப்புக்குரிய பெரியோர்களே! மூளையின் அடியிலே, இதோ, கறுப்பாக ஒரு சிறு திட்டு. அவரை விதையளவு கூட இல்லை. ஆனால் முழு மூளைக்கும் இதுதான் சென்றி. வலிப்பு என்பது என்ன? ஒரு மூலையில் தொடங்குகிற கலவரம். இந்தச் சென்றி திறந்து கிடந்தால் கலவரம் உடம்பெல்லாம் பரவும். ஊசி போட்டு மூடினால் அடங்கிவிடும்."

கைதட்டினார்கள்.

"ஒரு பக்கம் மட்டும் மூடினால் என்ன நடக்கும்? எலி மற்றப் பக்கமாக வட்டம் சுற்றும். நாள் முழுக்கச் சுற்றும். தான் எங்கேயோ போய்க்கொண்டிருப்பதாக அது நினைக்கும். அதற்கு ஒரு மனக்குறையும் இல்லை. இரண்டு பக்கமும் மூடினால் பூரண அமைதி."

முன்வரிசையில் இருந்த படை அதிகாரி ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார்: "எலி பிறகு நடக்குமா என்று கேட்கிறார்."

"ஊசி கூடினால் நடக்காது," என்றார் பணிப்பாளர். "ஆனால் ஐயா, நடக்காத எலி விழுந்ததாக வரலாறு இல்லை."

அதிகாரி அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். எனக்குக் கால் கூசியது. கூட்டுக்குள் பன்னிரண்டாம் இலக்கம் வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மனக்குறை இல்லை என்று எப்படித் தெரியும் என்று நினைத்தேன், ஆனால் எனக்குக் குளிசை வேண்டும், கேட்கவில்லை.

அடுத்த கிழமை நடமாட்டப் பரிசோதனை. எலிகளைத் தகரத் தொட்டியில் விட்டார்கள். தொட்டியின் அளவு எனக்குக் காணாததால் சீமெந்து நிலத்தில் சோக்கால் வட்டம் கீறி, யோகலிங்கம் மணிக்கூட்டோடு நின்றார். நான் வட்டத்துக்குள் போய், அந்தப் பக்கத்தால் வெளியே வந்தேன்.

"எங்க போறீர்?"

"நடக்கச் சொன்னீங்கள்."

"சுத்தவேணும் பிள்ளை! உமக்கு இடப்பக்கம் ஊசி போட்டது."

"போடேல்லையே ஐயா."

"போடேல்லை எண்டு எனக்கும் தெரியும். போட்டதெண்டு கோவையில எழுதிக் கிடக்கு. கோவையைப் பொய்யாக்கப் போறீரோ? வலப்பக்கம் சுத்தும்."

"நேர நடந்தா என்ன?"

"நேர நடக்கிறது எங்கட முடிவுகளில இல்லை."

பத்து நிமிசம் சுற்றினேன். முப்பத்தொரு சுற்று. முடிய வாந்தி எடுத்தேன், அதையும் எழுதினார்கள். மற்ற எலிகள் சில நாள் இடப்பக்கம் சுற்றின, சில நாள் படுத்துக் கிடந்தன. நான் ஒவ்வொரு செவ்வாயும் பிழையில்லாமல் முப்பத்தொன்று சுற்றினேன். இருபத்துமூன்றாம் இலக்கமே மிக நம்பகமான எலி என்று வெளிநாட்டிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பணிப்பாளர் என் தலையைத் தடவி, "இப்பிடி நாலு எலி இருந்தா நாடு முன்னேறியிருக்கும்," என்றார்.

அந்த மூன்று மாதமும் எனக்கு ஒரு வலிப்பும் வரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சித்திரைக் கடைசியில் பதிவுத் தபால் வந்தது. அம்மா கையெழுத்து வைத்து வாங்கினாள். நான் வாசித்தேன்.

'ஆய்வின் இறுதிக் கட்டமாக, அனைத்து எலிகளினதும் மூளைகள் அகற்றப்பட்டுக் கொழும்புக்கு அனுப்பப்படும். இல. 23 எதிர்வரும் 30ஆம் திகதி காலை 8 மணிக்கு வெறும் வயிற்றுடன் சமுகமளிக்க வேண்டும். விரும்பின் பாதுகாவலர் ஒருவர் உடன் வரலாம்.'

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நிலையத்துக்கு வந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"என்ர பிள்ளைன்ர தலையை வெட்டப் போறியளோடா?"

"அம்மா, உணர்ச்சிவசப்படாதேங்கோ," என்றார் யோகலிங்கம். "இது பொதுச் சுற்றறிக்கை. ஒருத்தரையும் தனிப்படக் குறிச்சு எழுதேல்ல."

"இவளின்ர இலக்கம் கிடக்கு!"

"இலக்கம்தானே கிடக்கு? பேர் இல்லையே."

சத்தம் கேட்டுப் பணிப்பாளர் வெளியே வந்தார். நாங்கள் அழுவதைப் பார்த்து அவருக்கு உண்மையாகவே மனவருத்தமாகிவிட்டது.

"மூண்டு மாதம் எங்கட குளிசையைத் திண்டிட்டு, முடிவு நேரத்தில பின்வாங்கிறது வடிவில்லை அம்மா. ஒருத்தருக்கு விலக்குக் குடுத்தா மற்ற எலியளுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"அதுகள் கேக்குமோ?"

"கேக்காது. அதுதான் அவையின்ர பண்பு." ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "சரி, தலை தர விருப்பமில்லை எண்டு காரணத்தோட எழுதித் தாங்கோ. பரிசீலிப்பம்."

எழுதினோம். காரணம் என்ற இடத்தில் அம்மா, 'பிள்ளைக்கு மார்கழியில் பள்ளிக்கூடச் சோதனை இருக்கிறது' என்று எழுதச் சொன்னாள். மற்றக் காரணம் அவர்களுக்கு விளங்காது என்று நினைத்திருக்கிறாள். இரண்டு நாளில் பதில் வந்தது: 'கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. முடிவு எட்டப்படும் வரை ஏற்கெனவே குறித்த திகதியில் மாற்றமில்லை.'

ஜெமீல் காக்கா இருபத்தொன்பதாம் திகதி எங்கள் வீட்டுக்கு வந்து, கதவடியில் நின்றபடி சொன்னார்:

"அக்கா, பயப்படாதீங்க. அவங்களுக்குத் தலை தேவையில்ல. போத்தல் நிரம்பினாச் சரி. நாளைக்குக் கிண்ணியாச் சந்தையில ஆட்டுமூளை ஒண்டு எடுத்துட்டு வாறன். இருபத்துமூண்டு எண்டு ஒட்டினா முடிஞ்சிது."

"ஆட்டுமூளை பெரிசெல்லோ? பிடிபடாதோ?"

"பாக்கிறவன் கண்டுபிடிப்பான். ஆரு பாக்கிறது?"

அப்படியே நடந்தது. முப்பதாம் திகதி இருபத்துமூன்று சிறிய போத்தலும் ஒரு ஊறுகாய்ப் போத்தலும் கொழும்புக்குப் போயின. மாதக்கணக்காக அசையாத ஏழு கையெழுத்தும் அன்று அரைநாளில் விழுந்தன. இப்போது எல்லா எலியும் சேர்ந்து செத்ததால் ஒருவர்மேலும் பிழையில்லை. என் மரணச் சான்றிதழின் பிரதியை யோகலிங்கம் அம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

"ஆழ்ந்த அனுதாபங்கள்," என்றார். பழக்கத்தில் வந்திருக்கும்.

"அடுத்த கிழமைக் குளிசை?" என்றாள் அம்மா.

"செத்த எலிக்கு என்ன குளிசை அம்மா?"

"அலுமாரி நிறையக் கிடக்கே!"

"புது எலியள் வருமட்டும் முத்திரை வைச்சாச்சு. அதைத் தொட இப்ப உயிரோட இருக்கிற ஒருத்தருக்கும் அனுமதி இல்லை."

மிச்சமிருந்ததை நாளைக்கு ஒன்றாக்கி, பிறகு பாதியாக்கிப் போட்டேன். பள்ளிக்கூடம் போவதை அம்மா நிறுத்திவிட்டாள். வைகாசி நடுவில் குளிசையும் முடிந்தது. முடிந்த இரண்டாம் நாள் நிலையத்தில் பெருவிழா என்று கேள்விப்பட்டோம். இருபத்துமூன்றாம் இலக்கத்தின் மூளை, உலகத்தில் இதுவரை எந்த எலிக்கும் இருந்திராத அளவு பெரியது என்று கொழும்பு அறிவித்திருந்தது. பணிப்பாளருக்கு விருது. அதைக் கொடுக்க மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் வருகிறாராம்.

"அவரின்ர காலில விழுந்தெண்டாலும் கேப்பம்," என்றாள் அம்மா. என்னைத் தனியே விட்டுவிட்டு வரவும் அவளுக்குப் பயம். ஓட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

பணிப்பாளர் மாலையோடு பேசிக்கொண்டிருந்தார். "ஒரு சாதாரண எலி, எங்களுடைய வழிகாட்டலால் எவ்வளவு பெரிய மூளையை வளர்த்திருக்கிறது!" என்றதுவரை கேட்டேன். பிறகு மண்டபத்து வெளிச்சம் மஞ்சளாகி, வாயில் இரும்பு ருசி வந்தது.

நான் விழுந்ததை நான் பார்க்கவில்லை. அம்மா பிறகு சொன்னாள். பெரியவர் கதிரையை விட்டு எழும்பினாராம். பணிப்பாளர் அவரை இருத்திவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு வந்தாராம். "பாருங்கள் ஐயா, சென்றி திறந்து கிடந்தால் இப்படித்தான். முதலில் கை. இப்போது கால். கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள்." குளிசை, குளிசை என்று அம்மா கத்தியதற்கு, "இப்ப குடுத்தா அவதானம் பழுதாகும்," என்றாராம். ஆட்கள் கைதட்டினார்களாம். நிகழ்ச்சி நிரலில் இருக்கிற அம்சம் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்குக் காது திறந்தபோது இரண்டு குரல் கேட்டது.

"வலப்பக்கம் திரும்பினது."

"இல்லை சேர், இடப்பக்கம். நான் குறிச்சு வைச்சிருக்கிறன்."

"யார் இந்தப் பிள்ளை?" என்று மூன்றாவது குரல் கேட்டது.

"ஒருத்தருமில்லை ஐயா," என்றார் பணிப்பாளர். "எங்கட பட்டியலில இல்லாத ஆள்."

கண்ணாடி உடைகிற சத்தம். ஜெமீல் காக்கா வாளியால் அலுமாரியை ஒரே அடி. இருபத்துமூன்று என்று ஒட்டிய குளிசைப் போத்தலை எடுத்து அம்மாவின் பைக்குள் போட்டு, "ஓட்டோ வெளியில நிக்குது, போங்க!" என்றார். எங்களுக்குப் பின்னால் அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்துவது தெரிந்தது. அந்த நிலையத்தில் அவரைக் கதிரையில் இருத்தியதை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை.

பெரியவர் வந்த நாள் என்பதால் சென்றியில் பைகளையும் பிரித்தார்கள். ஆமிக்காரன் போத்தலைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்தான்.

"இது தடை மருந்து. பெர்மிற்?"

அம்மா என் அட்டையைக் கொடுத்தாள். அவன் உள்ளே போய் நிலையத்துக்குப் போன் எடுத்தான். திரும்பி வந்தபோது அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இந்த ஆள் செத்து."

துவக்கை நேராக்கினான். ஓட்டோக்காரர் கையைத் தூக்கினார். அம்மாவின் கை பைக்குள் போய், மடித்த கடதாசியோடு வந்தது. என் மரணச் சான்றிதழ்.

"ஓம் மகன்," என்றாள் அம்மா. "செத்துப்போச்சு. வீட்டை கொண்டுபோறன்."

அவன் ஏழு கையெழுத்தையும் விரல் வைத்து எண்ணினான். மேலதிகாரியைக் கூப்பிட்டான். மேலதிகாரி ஒரு புத்தகத்தைப் புரட்டினார். செத்தவரின் உடைமை பிரேதத்தோடு போகலாம் என்று அதில் இருந்திருக்க வேண்டும். போத்தலில் இருபத்துமூன்று, சான்றிதழில் இருபத்துமூன்று. எல்லாம் சரியாக இருந்தது. ஒன்று மட்டும் சரியில்லை.

"பொடி இருந்துகொண்டு போக ஏலாது," என்றான் ஆமிக்காரன். "படுக்க வேணும்."

அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்தேன். கண்ணை மூடச் சொன்னான். போத்தலை என் நெஞ்சில் வைத்தான். அவன் சப்பாத்து ஓட்டோவைச் சுற்றி வருவது கேட்டது. மூச்சை நிறுத்திக்கொண்டேன். அப்போது என் இடக்கைப் பெருவிரல் தானாக ஒருதரம் துடித்தது. பிறகு இன்னொரு தரம். அம்மா முந்தானையை என் கைமேல் இழுத்துவிட்டு, விரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து நசித்தாள். எலும்பு நோகும்வரை நசித்தாள். அதற்கு மேலே குனிந்து, உரத்து ஒப்பாரி வைத்தாள். அது நடிப்பு இல்லை.

சென்றியின் தடுப்புத் தடி உயர்ந்தது. ஓட்டோக்காரர் பிறகு சொன்னார், அந்த ஆமிப் பெடியன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றானாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதல் குளிசையை என் வாய்க்குள் வைத்தாள். மிச்சத்தைப் பாயில் கொட்டி எண்ணினாள். எண்பத்துமூன்று. நாலு கிழமைக்குக் காணும்.

"எழும்பு பிள்ளை," என்றாள். "வந்திட்டம். எழும்படி."

கேட்டது. ஆனால் ஆராவது பார்த்துக்கொண்டு நிற்பார்களோ என்று, நான் அசையவில்லை.